கிண்ணம் இல்லாத விளையாட்டும் வேண்டும்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நமது கிராமங்களில் விளையாட்டு விழாக்கள் நடைபெறுகின்றன. கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், தேசிக்காய் ஓட்டம், சங்கீதக் கதிரை என்று அன்று ஒருநாள் ஊரே திரண்டு விளையாடுகின்றது. பேரப்பிள்ளைகளைக் கண்ட தாய்மாரும் ஓடுகின்றனர், "இந்த வயதில் இது எதற்கு?" என்று எவரும் கேட்பதில்லை. மறுநாளோ மைதானம் மீண்டும் இளைஞர்களுக்கு மட்டும் உரியதாகிவிடுகின்றது. எஞ்சிய நாட்களில் அந்தத் தாய்மாருக்கு அங்கே இடமில்லையா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

வளர்ந்தோருக்கு வாரத்தில் 150 நிமிடங்களாவது மிதமான உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022இல் உலகில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 31 பேர், அதாவது ஏறத்தாழ 180 கோடிப் பேர், இந்த அளவை எட்டவில்லை. ஆண்களைவிடப் பெண்களே இதில் அதிகம்.

"வயலில் பாடுபடுபவனுக்கு விளையாட்டு எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். வயல் வேலையும் உடலியக்கமே. நாள் முழுவதும் நாற்று நட்டவரை மாலையில் ஓடும்படி நாம் கேட்கவில்லை. ஆனால் கிராமமும் மாறிவிட்டது. உழவையும் அறுவடையையும் இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. சைக்கிளின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் இன்று பட்டணத்தாரின் நோய்கள் மட்டுமல்ல.

நமது விளையாட்டுக் கழகங்களின் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் விளையாடியது நமக்கெல்லாம் பெருமை. எனினும் பாடசாலையில் வலைப்பந்து ஆடிய பெண்களுள் எத்தனை பேர் திருமணத்தின் பின் பந்தைத் தொடுகின்றனர்?

கழகங்கள் பெரும்பாலும் விலகல் முறையிலேயே சுற்றுப்போட்டிகளை நடத்துகின்றன. 16 அணிகள் வந்தால், 8 அணிகள் ஒரே ஆட்டத்துடன் வீடு திரும்புகின்றன. திறமை குறைந்தவரே முதலில் வெளியேறுகின்றார். விளையாட்டு மிகவும் தேவைப்படுபவரும் அவரே. அணியில் இடமே கிடைக்காதவர் வேலியோரம் நின்று பார்ப்பதோடு சரி.

ஆகவே கிண்ணம் இல்லாத விளையாட்டும் ஊருக்கு வேண்டும். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அது நடைபெற வேண்டும். வந்தவர்களைச் சீட்டுக் குலுக்கி அணி பிரித்தால், நிரந்தரமாகத் தோற்கும் அணி என்று ஒன்று இராது. பெண்களுக்கான நேரத்தை மாதர் சங்கமே தீர்மானிக்கட்டும். அந்த நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஒழுங்கு செய்யப்பட வேண்டும். நீண்டகாலம் ஓடியாடாதவர்களும் நோயாளரும் மருத்துவரைக் கேட்டபின் மெதுவாகத் தொடங்குவது நல்லது.

விதிகளையும் ஆட்களுக்கேற்ப இளக்கலாம். இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்ட் நகரில் 2011இல் முதியோருக்கென நடை உதைபந்தாட்டம் தொடங்கப்பட்டது. அதில் ஓடுவதே தவறு! நம்மிடமோ கிளித்தட்டு இருக்கின்றது. பந்தும் வேண்டாம், வலையும் வேண்டாம். நிலத்தில் கோடு கீறினால் போதும். ஓட முடியாதவரைக் குறுக்குக் கோட்டில் மறிப்பதற்கு நிறுத்தலாம்.

வெற்றியை அளக்கும் கோலும் மாற வேண்டும். எவர் வென்றார் என்பதைவிட எவர் வந்தார், எவர் வரவில்லை என்பதே முக்கியம். இரண்டு வாரம் வராதவரின் வீட்டுப் படலையை யாராவது ஒருவர் தட்ட வேண்டும். தனிமையில் வாழும் முதியவருக்கும், துணையை இழந்த பெண்ணுக்கும் அந்த விசாரிப்பே பாதி மருந்து.

சனசமூக நிலையங்களிடமும் கழகங்களிடமும் நாம் கேட்பது ஒன்றே. அடுத்த ஆண்டறிக்கையில் வென்ற கிண்ணங்களின் எண்ணிக்கைக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேருங்கள்: நாற்பது வயதைக் கடந்தோர் எத்தனை பேர் இவ்வாண்டு நமது மைதானத்தில் விளையாடினர்? அந்த எண் பூச்சியமாயின், மைதானம் இன்னும் ஊருக்குச் சொந்தமாகவில்லை என்பதே பொருள்.