சுருங்குவது எவ்வளவு, எப்போது?

சிங்கப்பூரில் கிராஞ்சியை அடுத்த சுங்கை காடுட்டின் தளபாடப் பட்டறைகளில், ஒட்டுப்பலகையை இறுக்கும் யூரியா பார்மால்டிஹைடும், மேஜைமீது ஊற்றப்படும் எப்பாக்சியும் ஒரே குலத்துப் பதார்த்தங்கள். ஒருமுறை இறுகிய பின் எத்தனை உஷ்ணம் தந்தாலும் கருகுமேயன்றி உருகா. ஹார்டனர் கலந்து ஊற்றிய வார்ப்பு, மறுநாள் அச்சின் ஓரத்தைவிட்டு மயிரிழை விலகி, நடுவில் சற்றே குழிந்து கிடப்பதைக் காணாத தொழிலாளி இல்லை. பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கனபரிமாணத்தில் 100-க்கு 7 முதல் 10 வரை குறையும்; எப்பாக்சி பொதுவாக அதில் பாதியோ, அதற்கும் குறைவோ. டப்பாவோடு வரும் தகவல் தாள் இப்படி ஓர் எண்ணைத் தந்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. அந்த ஒற்றை எண் போதாது என்பதே என் அபிப்பிராயம்.

ஏனெனில், ரெசின் கூழாக உறையுமுன் நேரும் சுருக்கத்தைத் திரவம் தானே நகர்ந்து சரிக்கட்டிக்கொள்ள, உறைந்த பின் நேரும் சுருக்கமோ போக்கிடமின்றி இழுவிசையாக உள்ளே தங்கி, ஒருநாள் விரிசலாக வெளிப்படுகிறது. போதாக்குறைக்கு, ரசாயனச் சேர்க்கையில் பிறக்கும் உஷ்ணத்தால் கனத்த வார்ப்பின் நடுப்பகுதி விரிந்து, ஆறும்போது சுருங்குகிறது. முன்னும் பின்னும் அடர்த்தியை அளந்து கழிப்பவருக்கு மொத்தக் கணக்கு கிட்டுமேயன்றி, எது எப்போது நடந்தது என்பது கிட்டாது.

அதை அறிய வழியுண்டு. ரெசினை மெல்லிய ரப்பர்ப் பையில் காற்றுக்குமிழியின்றிக் கட்டி, சூடான சிலிக்கோன் எண்ணெயில் தராசிலிருந்து தொங்கவிட்டால், பை சுருங்கச் சுருங்க மிதப்பு விசை குறைந்து, தராசு கூடுதல் எடை காட்டும். எண்ணெயும் உஷ்ணத்தால் அடர்த்தி குறையுமாதலால், கனபரிமாணம் தெரிந்த உலோகத்துண்டு ஒன்றை அதில் நிறுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பாதரசக் குழாயில் அளந்த பழைய முறை வழக்கொழிவதில் எனக்கு வருத்தமில்லை.

நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் 1968-இல் இங்கே தொடங்கிவைத்த சில்லுத் தொழிலில் இக்கவனம் உண்டு. சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு நீள, வெறும் எப்பாக்சி ஏறத்தாழ 60 பங்கு நீளுமாதலால், சில்லை மூடும் எப்பாக்சி உறையில் சிலிக்காத் தூளை எடையில் 80 சதவீதத்துக்கு மேலும் சேர்க்கிறார்கள். சிறு பட்டறைக்கு அந்த வசதி ஏது? தாளின் எண்கள் பெரும்பாலும் 23 அல்லது 25 டிகிரியில் எடுத்தவை. பட்டறையின் பிற்பகலோ 32 டிகிரி. விற்பவர் அந்த உஷ்ணத்தில் எடுத்த சுருக்க வளைகோட்டைத் தரவேண்டும், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் அதை அளந்துதர முன்வரவேண்டும். அதுவரை, புதுச் சரக்கில் சிறு வார்ப்பு ஒன்றைச் சோதனைக்கு ஊற்றி, ஓர இடைவெளியைப் பீலர் கேஜால் பார்த்த பிறகே பெரிய மேஜைக்குக் கலக்குவது நல்லது.