ஒரு முழம் ரப்பர்

மழை பெய்தால் உங்கள் பழைய வண்டிக்குள் தண்ணீர் இறங்குகிறதா? மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு டாடா மொபைல் 206 இருக்கிறது. டாடா மோட்டார்ஸ் டெல்கோவாக இருந்த காலத்தில், 1988-ல் அறிமுகமான பிக்கப். இவருடையது 1992 மாடல். போன ஐப்பசியில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒழுக ஆரம்பித்தது. பின்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் வெடித்துவிட்டது. மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "சிலிக்கான் அடிச்சு விடறேன் சார். அப்படியே யார் தலையிலயாவது கட்டிடுங்க. இதுக்கெல்லாம் செலவு பண்ணாதீங்க."

மூன்றே வாக்கியம். மூன்றும் தப்பு.

முதலில் சிலிக்கான். கடையில் மலிவாகக் கிடைக்கும், வினிகர் வாசனை அடிக்கிற ரகம், காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். பெயின்ட் உரிந்த தகரத்தில் அதைத் தடவுவது துருவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். மேலே ஒழுகல் நின்ற மாதிரி இருக்கும். உள்ளே தகரம் சத்தமில்லாமல் அரிக்கும். அப்புறம் நிஜமாகவே எடைக்குத்தான் போடவேண்டும்.

ரப்பர் ஏன் வெடிக்கிறது? வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலிருக்கும் ஓசோனும் சேர்ந்து அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. இழுத்து வளைத்த இடத்தில் முதலில். அதனால்தான் விரிசல் எப்போதும் மூலையில் ஆரம்பிக்கும். இ.பி.டி.எம். என்கிற செயற்கை ரப்பர் இந்த இரண்டையும் வெகுநாள் தாங்கும். கேட்டு வாங்குங்கள்.

நண்பர் பழைய பீடிங்கில் விரல் நீளம் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போனார். அதே குறுக்குவெட்டில் ரப்பர் கிடைத்தது. குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிடுகிற செலவுகூட ஆகவில்லை. சட்டத்தில் இருந்த துருவைத் தேய்த்து பிரைமர் அடித்துக் காயவிட்டார். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் வெளிப்பள்ளத்தில் நைலான் கயிறு பதித்து, சோப்புத் தண்ணீர் தடவி, மகன் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, இவர் உள்ளேயிருந்து கயிற்றை மெள்ள மெள்ள இழுத்தார். ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி வந்து கவ்விக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவ்வளவுதான் சமாசாரம்.

இப்போது அந்தத் 'தலையில கட்டிடுங்க'வுக்கு வருகிறேன். அதைச் சொன்னது மெக்கானிக் மட்டுமில்லை. அரசாங்கமும் அதையே சொல்கிறது. 15 வருஷம் தாண்டிய காரை மறுபதிவு செய்ய 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000. சரி. ஆனால் அதே மத்திய அரசு 2021-ல் இன்னொரு விதியும் கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, மூல வடிவம் மாறாமல் பராமரிக்கப்பட்ட வண்டி 'வின்டேஜ்'. அதற்கு 'வி.ஏ.' என்று தனி நம்பர் வரிசை.

கவனியுங்கள். 15-ல் அபராதம் மாதிரிக் கட்டணம், 50-ல் பொன்னாடை. நடுவிலுள்ள 35 வருஷத்தை வண்டி எப்படித் தாண்டும்? யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கயிறு இழுத்தால்தான். அந்த மனிதருக்கு இந்த தேசத்தில் ஊக்கத்தொகை கிடையாது, நக்கல்தான் உண்டு.

புகை கக்குகிற வண்டியைத் தாராளமாக நிறுத்துங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. புகையை அளந்து நிறுத்துங்கள்; பிறந்த தேதியைப் பார்த்து வேண்டாம். 5 வயதில் கரி கக்குகிற வண்டியும் உண்டு, 25 வயதில் ஒழுங்காக ஓடுவதும் உண்டு. வித்தியாசம் உரிமையாளரின் கையில்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ல் ஓட்டுப் போட்டு, காரை ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமையைச் சட்டமாக்கக் கேட்டு வாங்கினார்கள். நாம் சிலிக்கான் டியூப் வாங்குகிறோம்.

நாளைக் காலை உங்கள் வண்டிக் கண்ணாடி ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழுந்தால் சந்தோஷம். கட்டைபோல் இருந்தால் விற்பதற்கு விளம்பரம் கொடுக்காதீர்கள். ஒரு துண்டு வெட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.