தோட்டம் இல்லாதவர் தோட்டக்கலை சொல்லித்தரலாமா? ஒரு பிபிசி நிகழ்ச்சி கற்ற பாடம்

போன ஐப்பசியில் எங்கள் வீட்டு மாடியில் 12 தக்காளி நாற்றுகள் அழுகிப்போயின. காரணம், ஒரு டிவி நிகழ்ச்சி. 'காலையும் மாலையும் மறக்காம தண்ணி விடுங்க' என்று சிரித்த முகத்தோடு தொகுப்பாளர் சொன்னார். அம்மா அப்படியே செய்தார். அடைமழைக் காலத்தில் அப்படி விட்டால் வேர் அழுகும் என்று அவருக்கே தெரியாது போல. "அந்தப் பையன் ஒரு நாளாச்சும் மண்ணுல கை வச்சிருப்பானா?" என்று கேட்டார் அம்மா.

நியாயமான கேள்விதான். செய்தியில் தப்பு வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். தோட்டக் குறிப்பில் தப்பு வந்தால் செடி செத்துப்போகும். ஒரு பருவமே கைவிட்டுப் போகும். அப்படியென்றால் இந்த நிகழ்ச்சிகளுக்குத் தொகுப்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்?

அரை நூற்றாண்டு அனுபவம்

இதற்குப் பதில் தேட நல்ல இடம், பிரிட்டனின் 'கார்டனர்ஸ் வேர்ல்டு'. 1968-ல் பிபிசி தொடங்கிய இந்த நிகழ்ச்சி இன்றும் ஓடுகிறது. முதன்மைத் தொகுப்பாளர் மாறும்போதெல்லாம் அங்கே அது பத்திரிகைச் செய்தியாகிவிடும்.

ஆரம்ப கால நட்சத்திரம் பெர்சி த்ரோவர். தலைமைத் தோட்டக்காரரின் மகன். ஷ்ரூஸ்பரி நகரப் பூங்காக்களை 1946 முதல் சுமார் 28 ஆண்டுகள் நிர்வகித்தவர். அறிவுக்கும் அனுபவத்துக்கும் குறையே இல்லை. ஆனாலும் பிபிசி அவரை நீக்கியது. ஐசிஐ என்ற ரசாயன நிறுவனத்தின் தோட்டப் பொருட்களுக்கு, போட்டி சேனலில் வந்த விளம்பரத்தில் அவர் நடித்ததுதான் காரணம். 'இந்த மருந்தை அடியுங்கள்' என்று சொல்கிறவர் அதே மருந்துக்குக் காசு வாங்கியிருந்தால், பார்க்கிறவர் எதை நம்புவது?

சான்றிதழா, சொந்தத் தோட்டமா?

1979 முதல் 1996-ல் இறக்கும் வரை நிகழ்ச்சியை நடத்தியவர் ஜெஃப் ஹாமில்டன். படப்பிடிப்பு நடந்தது பார்ன்ஸ்டேல் என்ற ஊரில், அவர் உருவாக்கிய தோட்டத்தில்.

2003-ல் வந்த மான்ட்டி டான் முறையாகத் தோட்டக்கலை படித்தவர் அல்ல. அதற்கு முன்பு நகை வியாபாரம் செய்து நொடித்துப்போனவர். தோட்ட வேலையைத் தானாகவே செய்து செய்து கற்றுக்கொண்டார். 2008-ல் உடல்நலக் குறைவால் அவர் விலக, முறையாகப் பயிற்சி பெற்ற டோபி பக்லேண்ட் வந்தார். படப்பிடிப்பும் பர்மிங்ஹாமில் நிகழ்ச்சிக்காகவே உருவாக்கிய ஒரு தோட்டத்தில் நடந்தது. 2011-ல் மான்ட்டி டான் திரும்பி வந்தார். இந்த முறை கேமரா போன இடம் ஹியர்ஃபோர்ட்ஷையரில் உள்ள அவருடைய வீட்டுத் தோட்டம்.

பக்லேண்டிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நிகழ்ச்சிக்காகப் போட்ட தோட்டம் வேறு, வாழும் தோட்டம் வேறு. சொந்தத் தோட்டம் என்றால் பூச்சி அரித்த இலையும், காய்க்காமல் போன கொடியும் கண்ணில் படும். அந்தத் தோல்விகளில்தானே நாம் கற்றுக்கொள்கிறோம்!

யாருக்கு இடம் கிடைக்கிறது?

இன்னொரு பாடம் சூ கென்ட். கருவில் இருந்தபோது தாலிடோமைடு மருந்தின் பாதிப்பால் கைகள் மிகக் குட்டையாகப் பிறந்தவர். கால்களால் மண்ணைக் கிளறி நாற்று நடுவார். 2020 ஊரடங்கில் படப்பிடிப்புக்குப் போக முடியாத நிலையில், நேயர்களின் தோட்ட வீடியோக்களை நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அப்படி அறிமுகமானவர் பிறகு தொகுப்பாளர் குழுவிலேயே சேர்ந்தார். குனிய முடியாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் அவரைப் பார்த்து, 'அட, நாமும் செய்யலாமே' என்று நினைப்பார்கள் இல்லையா?

நம்ம ஊருக்கு என்ன?

தூர்தர்ஷனின் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியைக் கிண்டலடித்தே வளர்ந்த தலைமுறை நாங்கள். இப்போது யோசித்தால், அதில் விவசாயிகளே பேசினார்கள். மீம் போட்ட நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

'கேமரா முன்னால் பேசத் தெரிய வேண்டாமா?' என்று கேட்கலாம். கண்டிப்பாக வேண்டும். ஊடகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேசுவதை மூன்று மாதத்தில் பழக்கிவிடலாம். பத்து வருஷம் மண்ணோடு பழகிய அனுபவத்தை எந்த வகுப்பிலும் கொடுக்க முடியாது.

எனவே ஆடிஷனில் மூன்றே கேள்விகள் போதும். உங்கள் தோட்டம் எங்கே இருக்கிறது? அதில் கடைசியாகச் செத்த செடி எது, ஏன்? எந்த உர, மருந்து நிறுவனத்திடமாவது காசு வாங்குகிறீர்களா?

இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் தேடினால்கூட அப்படி நாலு பேர் கிடைப்பார்கள். அதில் ஒருவர் எங்கள் அம்மா. 12 தக்காளி நாற்றுகளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்.