"ஏன் ஓடிபி குடுத்தீங்க?" இதுதான் நம்ம சைபர் சட்டமா?

1/ சைபர் மோசடியில பணம் போனவங்ககிட்ட எல்லாரும் கேக்குற முதல் கேள்வி: "ஏன் ஓடிபி குடுத்தீங்க?" வீட்ல கேக்குறாங்க, பேங்க்ல கேக்குறாங்க, போலீஸ் ஸ்டேஷன்லயும் கேக்குறாங்க. இந்தக் கேள்வி இருக்கிற வரைக்கும் எவ்வளவு நல்ல சட்டம் வந்தாலும் போன பணம் திரும்பாது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ நான் வக்கீல் இல்ல. அரசு மருத்துவமனையில வேலை பார்க்குற எம்பிபிஎஸ் டாக்டர். "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?"ன்னு சிலர் கேப்பீங்க. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் ஒரே போன் கால்ல போச்சுன்னு விபரீத முடிவு எடுக்கிறவங்க கோர்ட்டுக்குப் போறதில்ல. எங்க கேஷுவாலிட்டிக்குத்தான் வர்றாங்க. அதான்.

3/ நெஞ்சுவலின்னு ஒருத்தர் வந்தா, "ஏன்யா பீடி குடிச்சே?"ன்னு விசாரிச்சு முடிச்சிட்டா ஊசி போடுறோம்? முதல்ல ரத்தக்குழாய் அடைப்பு. அறிவுரை எல்லாம் டிஸ்சார்ஜ் அன்னைக்கு. பண மோசடியிலயும் அதே மாதிரி கோல்டன் ஹவர் உண்டு. பணம் நாலு அக்கவுன்ட் தாவி ஏடிஎம்ல வெளிய வர்றதுக்குள்ள நிறுத்தணும். 1930 நம்பர் இருக்கிறதே அதுக்குத்தான்.

4/ மத்திய அரசு நாடாளுமன்றத்துல சொன்ன கணக்கு: சைபர் மோசடியில மக்கள் இழந்தது 2023ல சுமார் 7,465 கோடி ரூபாய். 2024ல சுமார் 22,845 கோடி. ஒரே வருஷத்துல மூணு மடங்கு. ஒரே வருஷத்துல ஜனங்க மூணு மடங்கு ஏமாளி ஆயிட்டாங்களா? ஒரு ஊர்ல வாந்தி பேதி மூணு மடங்கானா நாங்க நோயாளியைத் திட்ட மாட்டோம். தண்ணித் தொட்டியைப் போய்ப் பார்ப்போம்.

5/ இங்க தண்ணித் தொட்டி எது? மோசடிக்காரன் கம்போடியாவுலயோ மியான்மர்லயோ உக்காந்திருக்கலாம். ஆனா பணம் முதல்ல போய் இறங்குற அக்கவுன்ட் பெரும்பாலும் நம்ம நாட்டுலதான் இருக்கு. ஆதார், பான் எல்லாம் வாங்கிட்டு ஒரு பேங்க் திறந்து கொடுத்தது. கமிஷனுக்காக யாரோ வாடகைக்கு விட்டது. இதைத்தான் மியூல் அக்கவுன்ட்னு சொல்றாங்க.

6/ மாசம் ஐயாயிரம் ரூபாய் புழங்கின அக்கவுன்ட்ல திடீர்னு ஒரே நாள்ல பத்து லட்சம் வந்து பத்து நிமிஷத்துல காலியாகுது. அது அந்த பேங்க் கண்ணுல படல. ஆனா 70 வயசு பெரியவர் மட்டும் போன்ல பேசுறவன் குரலை வச்சே அவன் திருடன்னு கண்டுபிடிச்சிருக்கணும். என்னங்க நியாயம் இது?

7/ ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்னைக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. தப்பு பேங்க் மேலயும் இல்ல, உங்க மேலயும் இல்லன்னா, மூணு வேலை நாளுக்குள்ள புகார் கொடுத்தா உங்க பொறுப்பு பூஜ்யம். தப்பு வாடிக்கையாளர் மேலன்னு நிரூபிக்க வேண்டியது பேங்க். திரும்பப் படிங்க: நிரூபிக்க வேண்டியது பேங்க்.

8/ அதே சுற்றறிக்கையில இன்னொரு வரி: வாடிக்கையாளரோட கவனக்குறைவால போன பணத்துக்கு, அவர் புகார் கொடுக்கிற வரைக்கும் அவரே பொறுப்பு. பேங்க்காரங்க இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டாங்க. "ஏன் ஓடிபி குடுத்தீங்க?"ங்கிற கேள்வி அக்கறையில வர்றது இல்ல. உங்க வாயாலயே கவனக்குறைவை ஒத்துக்க வைக்கிற கேள்வி.

9/ 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்கு. அசாம்ல ஒருத்தர் ஆன்லைன்ல வாங்கின பொருளைத் திருப்பித் தரப் போய், போலி கஸ்டமர் கேர் சொன்ன ஆப்பை டவுன்லோட் செஞ்சார். போனது 94,204 ரூபாய். 24 மணி நேரத்துக்குள்ள புகார் கொடுத்துட்டார். ஸ்டேட் பேங்க் பொறுப்பேத்துக்கணும்னு குவாஹாட்டி உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் மாத்தல. நல்ல தீர்ப்பு. ஆனா 94 ஆயிரத்துக்காக டெல்லி வரைக்கும் போய் நிக்க எத்தனை பேரால முடியும்?

10/ அவ்வளவு தூரம் போகாமலே முடிக்க 2000ஆம் வருஷ ஐடி ஆக்ட்லயே ஒரு வழி இருக்கு. 46ஆவது பிரிவு. ஒவ்வொரு மாநிலத்துலயும் ஐடி துறைச் செயலாளர்தான் தீர்ப்பளிக்கிற அதிகாரி. 5 கோடி ரூபாய் வரைக்கும் நஷ்ட ஈடு கேட்டு அவர்கிட்ட மனு போடலாம். இதைப் பத்தி உங்க பேங்க்ல, ஸ்டேஷன்ல யாராவது சொல்லியிருக்காங்களா?

11/ இது வேலை செய்யும்னு காட்டினதே தமிழ்நாடுதான். வெளிநாட்டுல வேலை பார்த்த ஒருத்தரோட ஐசிஐசிஐ அக்கவுன்ட்ல இருந்து 2007ல சுமார் 6.46 லட்சம் போலி ஈமெயில் மூலமா போச்சு. 2010 ஏப்ரல்ல நம்ம மாநில ஐடி செயலாளர், பேங்க் 12.85 லட்சம் கொடுக்கணும்னு உத்தரவு போட்டார். ஈமெயில் அனுப்பின திருடனைப் பிடிக்கிற வரைக்கும் அவர் காத்துக்கிட்டு இருக்கல. இந்த இடம்தான் முக்கியம்.

12/ அப்புறம் என்ன ஆச்சு? பேங்க் அப்பீல் போச்சு. அப்பீலைக் கேக்க வேண்டிய சைபர் மேல்முறையீட்டு தீர்ப்பாயத்துல 2011ல தலைவர் ஓய்வு பெற்றார். அதுக்கப்புறம் ஆறு வருஷம் அந்த நாற்காலி காலி. 2017ல அந்தத் தீர்ப்பாயத்தையே தொலைத்தொடர்பு தீர்ப்பாயத்தோட சேர்த்துட்டாங்க. வாடிக்கையாளர் பக்கம் முடிவு வந்தது 2019ல. பணம் போய் 12 வருஷம். டாக்டரே போடாத ஐசியு மாதிரி, தலைவரே இல்லாத ஒரு கோர்ட்.

13/ தண்டனைப் பக்கம்? ஆள்மாறாட்டம் செஞ்சு ஏமாத்தினா ஐடி ஆக்ட் 66டி பிரிவுல அதிகபட்சம் 3 வருஷம், ஜாமீன்ல வரக்கூடிய குற்றம். 78ஆவது பிரிவுப்படி இன்ஸ்பெக்டரும் அதுக்கு மேல உள்ளவங்களும்தான் விசாரிக்கணும். ஒரு ஸ்டேஷனுக்கு எத்தனை இன்ஸ்பெக்டர், எத்தனை புகார்? மனசு வச்சா முடியாததா? 2004 பிப்ரவரியில சென்னையில ஒரு பெண்ணை இணையத்துல அவதூறு செஞ்ச புகார் வந்தது. அதே வருஷம் நவம்பர்ல எழும்பூர் கோர்ட் தண்டனை கொடுத்திருச்சு.

14/ 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்க. உங்க விவரத்தைக் கசியவிட்ட கம்பெனிக்கு 250 கோடி வரைக்கும் அபராதம். கைதட்டுறதுக்கு முன்னாடி 34ஆவது பிரிவு: அபராதம் முழுக்க அரசு கஜானாவுக்கு. கசிஞ்ச விவரத்தால நஷ்டப்பட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுத்த ஐடி ஆக்ட் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குது. அடிபட்டவன் ரத்தம் வழிய நிக்கிறான், ஃபைன் மட்டும் வசூலாகுது.

15/ "டிஜிட்டல் அரெஸ்ட்". நம்ம சட்டத்துல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. வருஷக்கணக்கா வயசானவங்களை வீடியோ கால்ல மிரட்டிப் பறிச்சாங்க. அம்பாலாவுல ஒரு முதிய தம்பதியை உச்ச நீதிமன்றத்தோட போலி உத்தரவையே காட்டி ஒரு கோடிக்கு மேல பிடுங்கினப்பதான், 2025 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் தானா வழக்கெடுத்தது. டிசம்பர் 1ல சிபிஐ விசாரணைக்கு உத்தரவு, பேங்க் அதிகாரிகளோட பங்கையும் பார்க்கச் சொல்லி. வரவேற்கிறேன். ஆனா கோர்ட் பேர் கெட்டப்ப வந்த வேகம், ஜனங்க பணம் போனப்பவே வந்திருக்கணும்.

16/ "பேங்க் கொடுக்கணும்னா ஜனங்க அலட்சியமாயிடுவாங்க"ன்னு ஒரு வாதம் வரும். ஆம்புலன்ஸ் இருக்குன்னு யாரும் போய் லாரியில மோதுறதில்ல. பிரிட்டன்ல 2024 அக்டோபர் 7ல இருந்து, ஏமாந்து தானே பணம் அனுப்பினவருக்கும் 85,000 பவுண்டு வரைக்கும் திருப்பித் தரணும். அனுப்பின பேங்க் பாதி, வாங்கின பேங்க் பாதி. மியூல் அக்கவுன்ட் திறந்த பேங்க்குக்கு வலிச்சாதான் அந்தக் கதவு மூடும்.

17/ நான் கேக்குறது மூணு.
ஒண்ணு: நஷ்டத்துல பாதி, பணம் இறங்கின அக்கவுன்டோட பேங்க் தலையில.
ரெண்டு: 46ஆவது பிரிவுக்கு முழுநேர அதிகாரி, மாவட்டத்துக்கு ஒருத்தர். மனு போடத் தமிழ்ல படிவம்.
மூணு: அபராதப் பணத்துல பாதிக்கப்பட்டவருக்குப் பங்கு.

18/ அது வர்ற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது. பணம் போனா உடனே 1930. அப்புறம் பேங்க்குக்கு எழுத்துல புகார், மூணு வேலை நாளுக்குள்ள, கையெழுத்தோட நகல் வாங்குங்க. "என் தப்புதான்"னு எதுலயும் எழுதிக் கொடுக்காதீங்க. முடக்கின பணம் அப்படியே கிடந்தா, பிஎன்எஸ்எஸ் 503ஆவது பிரிவுல மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. மனசு உடைஞ்சு போச்சுன்னா 104க்குக் கூப்பிடுங்க. பணத்துக்காக உயிரை விடாதீங்க.

19/ வீட்ல யாராவது பணம் போச்சுன்னு வந்து நின்னா "ஏன் குடுத்தே?"ன்னு கேக்காதீங்க. "எத்தனை மணிக்குப் போச்சு?"ன்னு கேளுங்க. கேட்டுக்கிட்டே 1930ஐ அழுத்துங்க. உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இதைப் போடுங்க, குறிப்பா பெரியவங்க இருக்கிற குரூப்ல.