மூளைப் படமும் மறைந்துபோன கடிகாரமும்

குனோங் ராபாட்டில் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். மேடையில் நின்ற அன்பர் இரண்டு மூளைப் படங்களைத் திரையில் காட்டினார். ஒன்றில் சிவப்பு மிகுதி, மற்றதில் குறைவு. சிவப்பு மிகுந்தது திணறும் மூளையாம். தோட்டப்புறத்திலிருந்து வந்த பிள்ளைகள் பலரின் நிலை அதுவாம். அவையினர் தலையசைத்தனர். எனக்கோ நெஞ்சு கொதித்தது. ஒவ்வொரு வினாவுக்கும் விடை கூற அப்பிள்ளைகள் எத்தனை நொடி எடுத்துக்கொண்டனர் என்று கேட்டேன். அது படத்தில் இல்லை என்றார்.

அந்த ஒரு விடையே அவர் வாதத்தை வீழ்த்திவிட்டது என்பேன்.

1990-இல் செய்ஜி ஒகாவா குழுவினர் வெளியிட்ட முறை நரம்பணுவின் செயலை நேரே அளப்பதன்று. குருதியில் உயிர்வளி மாறுவதையே அது காண்கின்றது. இம்மாற்றம் மெல்ல எழுந்து மெல்லத் தணிவது. ஆகவே அரை நொடி வேலையும் ஒன்றரை நொடி வேலையும் வலிமையில் ஒத்திருந்தாலும், நீண்டதே படத்தில் ஓங்கித் தெரியும். மின்கட்டணம் இருமடங்கானால் விளக்கு இருமடங்கு ஒளிர்ந்தது என்றா கொள்வோம்? நெடுநேரம் எரிந்திருக்கவும் கூடும் அன்றோ?

இஃது என் கற்பனையன்று. பச்சை மையில் அச்சிட்ட 'சிவப்பு' என்னும் சொல்லின் மை நிறத்தைக் கூற நேரம் கூடுதலாகும் என்பதை ஸ்ட்ரூப் 1935-இலேயே காட்டினார். அவ்வேளையில் முன்மூளையின் ஒரு பகுதி ஓங்கித் தெரிவதைக் கண்டு, அதனை முரணை உணரும் இடம் என்று பலர் எழுதிக் குவித்தனர். அது வேலையில் செலவான நேரமே என்று கிரின்பேண்டு குழுவினர் 2011-இல் வாதிட்டனர். எதிர்ப்பும் எழுந்தது. ஒவ்வொரு வினாவின் விடை நேரத்தையும் கணக்கில் சேர்க்காவிடில், ஆளோடு ஆளை ஒப்பிடும் இடத்திலும் பொய்த் தொடர்பு தோன்றும் என்று மம்ஃபோர்டு, போல்ட்ராக் முதலியோர் 2024-இல் விளக்கினர்.

"அப்படியானால் குழுக்களின் சராசரி வேகத்தைக் கழித்துவிட்டால் போயிற்று" என்பாரும் உளர். இதையும் ஏற்பதற்கில்லை. குழுக்களே வேகத்தில் வேறுபடும்போது, வேகத்தைக் கழிப்பது குழுவின் ஒரு கூறையே வெட்டி எறிவதாகும். லார்டு 1967-இல் இத்தகைய புதிரை முன்வைத்தார். மில்லரும் சாப்மனும் 2001-இல் மீண்டும் எச்சரித்தனர். பெரட்டில் நின்றவர்க்கு இது புரியும். மேட்டு நிரையில் மரம் வெட்டியவரின் பால் குறைவைச் சமதரைக் கணக்காகத் தாளில் திருத்தினால், மேடு மறைந்துவிடுமா?

இனி எவரேனும் நம் பிள்ளைகளின் மூளையை மேடையேற்றினால், விடை நேரப் பட்டியலையும் உடன் கொணரட்டும். தவறிய விடைகளைத் தனியே பிரித்தனரா என்பதையும் கூறட்டும். அன்று அந்த அன்பர் எதையும் கொணரவில்லை. கூட்டம் தேநீரோடு கலைந்தது.