வேன் வீட்டுக்கு சோலார்: பேனலை கடைசியா வாங்குங்க!

அமெரிக்காவில் 'ஆர்வி' எனப்படும் நடமாடும் வீட்டு வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் முதலில் கேட்பது, 'கூரையில் எத்தனை பேனல் மாட்டலாம்?' என்பதுதான். கேள்வியே தலைகீழ்!

கணக்கு போட்டுப் பாருங்க. 400 வாட் பேனலுக்கு 5 மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தால் 2 யூனிட். சூடு, தூசு, படுக்கையாக மாட்டுவது என இழப்பெல்லாம் போக கைக்கு வருவது சுமார் 1.5 யூனிட். லைட், ஃபேன், லேப்டாப், சின்ன ஃபிரிட்ஜுக்கு இது போதும். ஆனா, கூரை ஏசி ஒரே மணி நேரத்தில் மொத்தத்தையும் குடிச்சிடும்.

அடுத்து பேட்டரி. 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் என்றால் 1.2 யூனிட். லெட் ஆசிட் வகையில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். லித்தியத்தில் பெரும்பகுதியை எடுக்கலாம், விலைதான் கூடுதல்.

ஃபியூஸ்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. '12 வோல்ட்தானே' என்று விட்டால், ஷார்ட் ஆகும்போது பாயும் கரண்ட் ஒயரை உருக்கி தீயே பிடிக்கும். நீங்க தூங்குறதும் அதே வண்டியில்தான்.

முதலில் தினசரி செலவு, பிறகு பேட்டரி, கடைசியில்தான் பேனல்.