விபத்து நடந்த வீட்டுக்கு முதலில் வருகிறவர் யார்?

தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 17,884 பேர். நாள் ஒன்றுக்கு 49 பேர்! ஒரு பஸ் நிறைய ஆட்கள் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, இரவு திரும்பாமல் போனது போலத்தான். அதுவும் ஒரு நாள் அல்ல, வருஷம் முழுவதும்.

"ஹெல்மெட் அணியுங்கள்", "மெதுவாகச் செல்லுங்கள்" என்று மூலைக்கு மூலை போர்டு இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஹெல்மெட்டை எடுத்துப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக் கொண்டு போகிற புத்திசாலிகள் இருக்கும் வரை அந்தப் போர்டுகளுக்கு வேலை உண்டு. ஆனால் விபத்து நடந்த பிறகு அந்தக் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுகிற போர்டு ஒன்றாவது உண்டா? ஆஸ்பத்திரி வாசலில் உண்டா? பிணவறை வாசலில் உண்டா?

போர்டு இல்லை. ஆனால் ஆள் இருக்கிறார்.

தரகர் வருகிறார்

ஆஸ்பத்திரியில் அடிபட்டவர் நினைவு இல்லாமல் கிடக்கிறார். மனைவி கையில் மருந்துச் சீட்டு. பையில் பணம் இல்லை. அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருகிறார். மிகவும் அன்பாக விசாரிக்கிறார். "கவலைப்படாதேம்மா, எல்லாம் நான் பார்த்துக் கொள்கிறேன்" என்கிறார். மருந்துச் செலவுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கிறார். கடைசியில் நாலைந்து தாள்களை நீட்டுகிறார். அவற்றில் எழுத்து குறைவு, வெற்றிடம் அதிகம். அந்த அம்மாள் கையெழுத்துப் போடுகிறாள். இரண்டு வருஷம் கழித்து நஷ்ட ஈடு வரும்போது, அதில் எத்தனை பங்கு யாருக்கு என்பது அந்த வெற்றிடத்தில் எழுதப்பட்டிருக்கும்!

இப்படிப் பங்கு பேசுவதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. கேஸ் ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் பீஸ் பேசக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி சொல்லுகிறது. நல்ல வக்கீல்கள் நாட்டில் நிறைய உண்டு. அவர்கள் பிணவறை வாசலில் நிற்பதில்லை.

இன்னொரு ஆசாமியும் வருவார். இவர் ஊர்ப் பெரியவர். வண்டிச் சொந்தக்காரருக்கு வேண்டியவர். "கோர்ட்டு, கச்சேரி என்று எதற்கு அலைய வேண்டும்? ஒரு லட்சம் வாங்கித் தருகிறேன், பேசாமல் எழுதிக் கொடுத்து விடுங்கள்" என்பார். ஒரு லட்சம் பெரிய தொகையாகத்தான் தோன்றும். அது பெரிய தொகையா என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து விடலாம்.

முப்பது லட்சம் எங்கே, ஒரு லட்சம் எங்கே?

34 வயதுக் கொத்தனார். மாதம் 15,000 ரூபாய் சம்பாத்தியம். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார். லாரி டிரைவரின் கவனக் குறைவால் அவர் மாண்டு போகிறார் என்று வைத்துக் கொள்வோம். 2009-லும் 2017-லும் சுப்ரீம் கோர்ட்டு கூறிய இரண்டு தீர்ப்புகளில் இதற்குத் திட்டமான கணக்கு இருக்கிறது. சம்பாத்தியத்தோடு எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்க்க வேண்டும், 21,000 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிக்க வேண்டும், மிச்சம் 15,750. வருஷத்துக்கு 1,89,000. அவர் வயதுக்கு உரிய பெருக்கு எண் 16. ஆக மொத்தம் 30 லட்சத்து 24 ஆயிரம் ரூபாய்! ஈமச் செலவு முதலியவை தனி. இந்தப் பணத்தை லாரிச் சொந்தக்காரர் நிலத்தை விற்றுக் கொடுக்கப் போவதில்லை. கட்டாய இன்ஷூரன்ஸ் இருப்பதே இதற்காகத்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கும்.

ஊர்ப் பெரியவர் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்பது இப்போது விளங்கும்.

சம்பாத்தியத்துக்கு ரசீது ஏது என்று கேட்கலாம். மேஸ்திரியின் கூலி நோட்டு, பாங்கி பாஸ் புத்தகம், கூட வேலை செய்தவர் சாட்சி, எல்லாம் உதவும். எதுவுமே இல்லாவிட்டாலும் கோர்ட்டு ஒரு நியாயமான தொகையை வைத்துக் கணக்குப் போடும். வீட்டு வேலை செய்கிற இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புப் போட்டுத் தீர்ப்புகள் வந்திருக்கின்றன.

யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம் பெறவும் 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் ஜாக்கிரதை! அந்தத் தொகையை ஒப்புக் கொண்டு வாங்கி விட்டால் பெரிய தொகைக்கான மனு தீர்ந்து போகும். தெரிந்தவர்களைக் கேட்காமல் அதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

லாரி நிற்காமல் போய்விட்டால்?

பரிதாபம் எல்லாம் இங்கேதான். இருட்டில் இடித்துவிட்டு வண்டி ஓடி விடுகிறது. நம்பர் தெரியாது. "யார் மேல் கேஸ் போடுவது? தலைவிதி" என்று குடும்பம் காரியத்தை முடித்துவிட்டு உட்கார்ந்து விடுகிறது.

தலைவிதி அல்ல. வண்டி அகப்படாவிட்டாலும் சாவுக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. முன்பு இது 25,000-மும் 12,500-மாக இருந்தது. 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டது. இதற்கு வழக்கே போட வேண்டியதில்லை. இதற்கென்று நியமிக்கப்பட்ட வருவாய்த் துறை விசாரணை அதிகாரிக்கு விண்ணப்பம் போட வேண்டும். தாலுகா அலுவலகத்தில் கேட்டால் விவரம் தெரியும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று அல்லது காயச் சான்று, அடையாளச் சான்று, பாங்கி பாஸ் புத்தக நகல் ஆகியவை போதும்.

இது எத்தனை பேருக்குத் தெரியும்? 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022–23-ல் இந்தப் பணம் கேட்டு வந்த மனுக்களோ வெறும் 205! அவற்றிலும் 95 மனுக்களுக்குத்தான் பைசல். கோயமுத்தூர் எலும்பு சிகிச்சை டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துக் காட்டிய கணக்கு இது. ஒரு மாதத்துக்குள் வண்டி துப்புத் துலங்காவிட்டால், இப்படி ஒரு பணம் உண்டு என்பதைப் போலீசார் அந்தக் குடும்பத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் அப்போது உத்தரவு போட்டது.

மற்ற விபத்துகளிலும் போலீசாருக்குக் கடமை உண்டு. 48 மணி நேரத்தில் நஷ்ட ஈட்டுக் கோர்ட்டுக்கு முதல் அறிக்கை போக வேண்டும். 10 நாளில் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் தாளை அவர் கையில் கொடுக்க வேண்டும். 90 நாளில் முழு அறிக்கை. 2022 ஏப்ரல் முதல் இதுதான் விதி. எத்தனை ஸ்டேஷன்களில் அந்தத் தாள் கொடுக்கப்படுகிறது என்பதை மாவட்டப் போலீஸ் அதிகாரிகள் மாதம் ஒரு முறை கணக்கு எடுத்தால் என்ன? ஹெல்மெட் போடாதவர்களிடம் வசூலித்த அபராதத்துக்குக் கணக்கு இருக்கிறதே!

கெடு ஒன்று இருக்கிறது

நஷ்ட ஈட்டு மனுவுக்கு 1956-ம் ஆண்டுச் சட்டம் 60 நாள் கெடு வைத்தது. பிறகு அது ஆறு மாதமாயிற்று. அடிபட்டுப் படுத்திருப்பவருக்குக் கெடு வைப்பது நியாயம் அல்ல என்று 1994-ல் கெடுவையே எடுத்து விட்டார்கள். 2019-ம் ஆண்டுத் திருத்தம் மறுபடியும் ஆறு மாதத்தைக் கொண்டு வந்து, 2022 ஏப்ரலில் அமலாயிற்று. ஏன் கொண்டு வந்தார்களோ! இடுப்பெலும்பு முறிந்தவர் எழுந்து நிற்கவே ஆறு மாதம் ஆகிறது. இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் போயிருக்கின்றன. கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பது விவேகம் ஆகாது. ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. குடியிருக்கிற ஊரிலேயே போடலாம்.

வக்கீலுக்குப் பணம்? ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டிலும் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது 1987-ம் ஆண்டுச் சட்டம். கணவனை இழந்த எந்தப் பெண்ணும் இதில் அடங்குவாள். 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தும் கேட்கலாம். இந்த நம்பரை ஆஸ்பத்திரிகளின் அவசர வார்டுச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைக்க சர்க்காருக்கு ஒரு டப்பா பெயிண்டுக்கு மேல் செலவு ஆகாது. தரகர் உட்காருகிற பெஞ்சுக்கு நேர் எதிரே எழுதினால் மிகவும் நல்லது.

தீர்ப்பு ஆனதோடும் கதை முடிவதில்லை. நஷ்ட ஈட்டுப் பணம் கேட்பார் இல்லாமல் கோர்ட்டுகளில் கிடக்கிறது என்று குஜராத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் 2024-ல் கடிதம் எழுதினார். சுப்ரீம் கோர்ட்டு அதைத் தானாகவே வழக்காக எடுத்துக் கொண்டது. தீர்ப்பாகி, இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டியும் விட்ட பணம் அது. அந்தக் குடும்பங்களுக்குச் சேதி சொல்லத்தான் ஆள் இல்லை. 2025 மார்ச்சில் வேறொரு வழக்கில், பணத்தை நேரடியாக மனுதாரரின் பாங்கிக் கணக்கிலேயே போடலாம் என்று அதே கோர்ட்டு வழி காட்டியது. ஆகவே மனு எழுதும்போதே அந்த அம்மாளின் சொந்தப் பாங்கிக் கணக்கு எண் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரகர் நீட்டுகிற தாளில் அந்த இடம்தான் காலியாக இருக்கும்.